வெற்றுக் கசெட்டோடு வாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஊரின் பழைய கதைகளை மூத்தவர்களிடம் கேட்டுப் பதிந்து வரும்படி தரம் 10 பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். இரண்டு வாரம் போனது. பதிந்து வந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் சொன்ன காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். "நல்ல மைக் இல்லை சேர். ஃபோனில் பதிந்தால் கிளியர் இல்லை. பின்னால் ஆட்டோ சத்தம் கேட்கிறது."

அன்றைய பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களுக்கு ஒரு பாலைவனத்துப் பாட்டுக் குழுவின் கதையைச் சொன்னோம். அதையே இங்கு விரிவாக எழுதுகிறோம்.

குழுவின் பெயர் தினாரிவென். தமாஷெக் மொழியில் 'பாலைவனங்கள்' என்று அர்த்தம். 1979 அளவில் அல்ஜீரியாவின் தென்கோடியில் சேர்ந்த சில அகதி இளைஞர்கள் இவர்கள். வெளியுலகத்துக்கு வந்த இவர்களின் முதல் அல்பம் 2001இல்தான் வெளியானது. இடையில் 20 வருடங்களுக்கு மேல் போய்விட்டது. அந்த 20 வருடமும் இவர்களின் பாட்டு எப்படி உயிரோடு இருந்தது என்பதுதான் நாம் சொல்ல வரும் வரலாறு.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்துக்குள் நாம் போகவில்லை. அது உலமாக்களின் துறை. அவர்களுக்கிடையிலேயே பல கருத்துகள் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். நாம் பேசுவது வரலாறு. நாட்டையும் நிலத்தையும் இழந்த ஒரு முஸ்லிம் சமூகம், தன் கதையை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது பற்றி.

இனி சஹாராவுக்குப் போவோம். நமக்கு முன்பே நமக்குத் தெரிந்த ஒருவர் அங்கே போயிருக்கிறார். 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய அதே இப்னு பதூதா, 1352இல் சஹாராவைக் கடந்து மாலி இராச்சியத்துக்குப் போனார். திரும்பி வரும் வழியில், ஆண்கள் முகத்தை மூடிக்கொள்ளும் ஒரு மக்களின் நிலத்தைக் கடந்ததாகத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். இன்று நாம் துவாரெக் என்று அழைக்கும் மக்களின் முன்னோர்கள் அவர்கள்.

துவாரெக் என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை 'கெல் தமாஷெக்', அதாவது தமாஷெக் பேசுபவர்கள் என்றே சொல்லிக்கொள்வார்கள். நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள். ஒட்டகம், ஆடு மேய்த்தும், உப்பு வணிகம் செய்தும் வாழ்ந்தவர்கள். நீலத் தலைப்பாகைத் துணியால் ஆண்கள் முகத்தை மூடுவார்கள். பெண்களுக்கு அந்த வழக்கம் இல்லை. அவர்களுக்கென்று திஃபினாக் என்ற பழைய எழுத்தும் உண்டு. இம்ஸாத் என்ற ஒற்றை நரம்பு வாத்தியத்தைப் பெண்கள்தான் வாசிப்பார்கள். அதைச் சுற்றிய மரபை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், ஆண்டார்கள், போனார்கள். 1960இல் மாலியும் நைஜரும் சுதந்திரம் பெற்றபோது துவாரெக் மக்களின் நிலம் மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா, புர்கினா ஃபாசோ என்று துண்டு துண்டாகக் கிடந்தது. மழையைத் தேடி மந்தையோடு போகிறவனுக்கு வரைபடத்தில் உள்ள கோடு எப்படித் தெரியும்? நேற்றுவரை மேய்ச்சல் நிலமாக இருந்தது இன்று அடுத்த நாடாகிவிட்டது.

மாலியின் வடக்கில் 1963 அளவில் ஒரு கிளர்ச்சி வெடித்தது. அரசு அதைக் கடுமையாக அடக்கியது. கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவினார் என்று தெஸாலித் என்ற ஊரைச் சேர்ந்த ஒருவரைக் கொன்றார்கள். அவருடைய மகனுக்கு அப்போது நான்கு வயது. வாப்பாவைக் கொல்வதை அந்தப் பிள்ளை கண்ணால் கண்டது. மந்தையும் அழிக்கப்பட்டது. குடும்பம் எல்லை கடந்து அல்ஜீரியாவுக்கு ஓடியது.

அந்தப் பிள்ளையின் பெயர் இப்ராஹீம் அக் அல்ஹபீப். 'அக்' என்பது நம்முடைய 'பின்' போல. இப்ராஹீம் பின் அல்ஹபீப்.

அகதிச் சிறுவனாக வளர்ந்த காலத்தில் அவர் ஒரு மேற்கத்தியப் படம் பார்த்தார். அதில் குதிரைக்காரன் ஒருவன் கிட்டார் வாசித்தான். சிறுவன் வந்து ஒரு தகர டின், ஒரு தடி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றை எடுத்துத் தானே ஒரு கிட்டார் செய்துகொண்டான். உண்மையான கிட்டார் ஒன்று அவர் கைக்கு வர 1979 ஆனது.

இதற்கிடையில் 1970களின் தொடக்கத்தில் சஹேல் பகுதியைப் பெரும் வரட்சி தாக்கியது. 1984, 1985இல் மீண்டும் தாக்கியது. மந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மந்தை போனால் துவாரெக் குடும்பத்துக்கு எல்லாம் போனது. இளைஞர்கள் வேலை தேடி அல்ஜீரியாவின் தமன்ராஸெத்துக்கும் லிபியாவுக்கும் நடந்தும் லொறியில் தொற்றியும் போனார்கள். கட்டட வேலை, தோட்ட வேலை, கிடைத்த வேலை. வேலை இல்லாதவனைப் பிரெஞ்சில் 'ஷோமர்' என்பார்கள். அந்தச் சொல்லே திரிந்து இந்த இளைஞர்களுக்கு 'இஷுமார்' என்று பெயரானது. ஏளனமாக வந்த பெயரை அவர்கள் தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்டார்கள். அவர்களின் பாட்டு வகைக்கும் அதுவே பெயராகியது.

தமன்ராஸெத்தில் இப்ராஹீமும் கூட்டாளிகளும் மாலை வேளைகளில் கூடினார்கள். மொரோக்கோவின் நாஸ் அல் கிவான் போன்ற குழுக்கள் அந்நாளில் அரபு மொழியில் சமூக அநீதிகளைப் பாடி வட ஆபிரிக்கா முழுவதும் பிரபலமாகியிருந்தன. இவர்கள் அதையும் கேட்டார்கள். மேற்கத்திய கிட்டார் இசையையும் கேட்டார்கள். பாடியது மட்டும் தமாஷெக்கில். வரட்சி, அகதி வாழ்வு, வீட்டு நினைவு, ஒற்றுமையின்மை, படிப்பில்லாமல் பின்தங்கிய சமூகம், இவைதான் பொருள். அவர்களின் மொழியில் 'அஸ்ஸூஃப்' என்று ஒரு சொல் இருக்கிறது. தனிமை, ஏக்கம், வீட்டு நினைவு எல்லாம் சேர்ந்த சொல். அதுதான் அந்தப் பாட்டுகளின் அடிநாதம்.

1980இல் லிபியாவின் கடாபி, துவாரெக் இளைஞர்களைத் தன் இராணுவப் பயிற்சி முகாம்களுக்கு அழைத்தார். அவருக்கு அவருடைய கணக்கு. இளைஞர்களுக்கு ஒரு நாள் தம் நிலத்தை மீட்போம் என்ற கனவு. பலர் போனார்கள். தினாரிவென் குழுவினரும் போனார்கள். 1980களின் நடுவில் துவாரெக் கிளர்ச்சித் தலைவர்கள் அதே போன்று மீண்டும் அழைத்தபோதும் போனார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பாட்டுக்காரர்கள் அந்த முகாமில்தான் ஒன்றுசேர்ந்தார்கள்.

அங்கே கிடைத்த கருவிகளைக் கொண்டு சின்னதாக ஓர் ஒலிப்பதிவு இடம் அமைத்தார்கள். அங்குதான் ஒரு முடிவும் எடுத்தார்கள். யார் ஒரு வெற்றுக் கசெட் கொண்டு வந்து தந்தாலும் அவருக்குத் தங்கள் பாட்டை இலவசமாகப் பதிந்து கொடுப்பது.

பிள்ளைகளிடம் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினோம். அவர்களுக்குக் கசெட் என்றால் என்னவென்று தெரியாது.

நம் வயதுக்காரருக்குத் தெரியும். 60 நிமிடக் கசெட்டில் ஒரு பக்கம் அரை மணி, மறு பக்கம் அரை மணி. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றுவோம். வெளிநாட்டில் வேலை செய்த வாப்பாவோ உம்மாவோ கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி, ஊருக்கு வரும் ஆள் ஒருவரின் கையில் கொடுத்தனுப்பிய வீடுகள் நம்மிடையே உண்டு. அந்தக் குரலை வீடே சுற்றியிருந்து கேட்டு அழுததும் உண்டு.

பாலைவனத்துக்கு அந்தக் கசெட் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. மின்சாரம் வேண்டியதில்லை. நான்கு பெட்டரி போதும். சட்டைப் பையில் அடங்கும். இரண்டு கசெட் போடும் ரேடியோ ஒன்று இருந்தால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம். பாடியவனுக்கே தெரியாமல் பாட்டு ஊர் ஊராகப் போகும். தமன்ராஸெத்தில் பதிந்தது லொறிச் சாரதி வழியாகக் கிடாலுக்குப் போகும். அங்கே பத்தாகி நைஜருக்குப் போகும்.

தரம்? பிரதியிலிருந்து பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், குரல் மங்கும். ஐந்தாவது கையில் கிடைக்கும் கசெட்டில் பாதி இரைச்சல்தான். ஆனால் அதைக் கேட்டவன் இசையின் தரத்தை அளந்து பார்க்க உட்காரவில்லை. தன் மொழியில், தன் கதையை, முதன்முறையாக ஒரு பெட்டியிலிருந்து கேட்டான். அதுவரை வானொலி அவனுக்கு வேறு மொழிகளில்தான் பேசியது. கசெட்டுகளைப் பகிரங்கமாகக் கேட்க முடியாத காலமும் இருந்தது. ஒளித்து வைத்துக் கேட்டார்கள்.

பாடசாலை இல்லாத, பத்திரிகை இல்லாத, தன் மொழிக்கு ஒலிபரப்பு இல்லாத ஒரு மக்களுக்கு அந்தக் கசெட்டுகளே செய்தித்தாளாகவும் பாடப்புத்தகமாகவும் இருந்தன. அதற்கு விலை வைக்கவில்லை என்பதுதான் முக்கியம். விலை வைத்திருந்தால் காசுள்ளவன் கையோடு நின்றிருக்கும். சமூக அக்கறை பாட்டின் வரிகளில் மட்டும் இருக்கவில்லை. அதைக் கொடுத்த விதத்திலும் இருந்தது.

இவர்கள் மாசற்றவர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. 1990இல் மாலியின் வடக்கில் மீண்டும் கிளர்ச்சி தொடங்கியபோது குழுவினர் சிலர் ஆயுதம் ஏந்திப் போனார்கள். அவர்களின் பாட்டுகள் அந்த அழைப்பையும் சுமந்தன. கிளர்ச்சியிலும் அதற்கு வந்த பதிலடிகளிலும் ஆயுதமில்லாத மக்கள் பலர் இறந்தார்கள். ஆயுதம் ஒரு பிரதேசத்துக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

1991 ஜனவரியில் தமன்ராஸெத்தில் ஓர் உடன்படிக்கை, 1992 ஏப்ரலில் தேசிய ஒப்பந்தம் என்று பேச்சுவார்த்தைகள் நடந்தன. ஆனாலும் சண்டை ஓயச் சில வருடங்கள் எடுத்தன. கடைசியில் 1996 மார்ச் 27ஆம் திகதி திம்புக்துவில் ஏறக்குறைய 3,000 துப்பாக்கிகளைக் குவித்துப் பகிரங்கமாக எரித்தார்கள். 'சமாதானச் சுடர்' என்று அந்த நிகழ்வுக்குப் பெயர். எரித்த இடத்தில் நினைவுச் சின்னம் ஒன்றும் எழுப்பினார்கள். தினாரிவென் குழுவினர் அதற்கு முன்பே துப்பாக்கியை விட்டுக் கிட்டாரோடு நின்றுவிட்டார்கள்.

இனி அந்த முதல் அல்பம்.

1990களின் இறுதியில் லோஜோ என்ற பிரெஞ்சு இசைக்குழுவினர் மாலிக்கு வந்தபோது இவர்களை அறிந்துகொண்டார்கள். அந்தத் தொடர்பு வழியாக ஜஸ்டின் அடம்ஸ் என்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞரும் ஜோன் போல் ரோமான் என்ற பிரெஞ்சு ஒலிப்பதிவாளரும் கிடாலுக்கு வந்தார்கள். கிடால் என்பது மாலியின் வடகிழக்கு மூலை. தலைநகர் பமாக்கோவிலிருந்து தரைவழியாக ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறைக்குப் போய்த் திரும்பினாலும் அந்தத் தூரம் வராது.

வழமையாக என்ன நடக்கும்? கலைஞனைப் பெருநகரத்து ஸ்டூடியோவுக்கு அழைப்பார்கள். இவர்களும் 1992இல் ஐவரி கோஸ்டின் அபிஜானுக்குப் போய் ஒரு கசெட் பதிந்து வந்தவர்கள்தான். இந்த முறை ஸ்டூடியோ பாலைவனத்துக்கு வந்தது. கிடாலில் ரேடியோ திஸ்தாஸ் என்று தமாஷெக் மொழியில் ஒலிபரப்பும் ஒரு சிறிய வானொலி நிலையம் இருந்தது. அதன் அறைக்குள் ஒலிவாங்கிகளை வைத்தார்கள். ஊருக்கு மின்சாரம் மாலை 7 மணிக்கு வரும், நள்ளிரவில் போய்விடும். அந்த 5 மணித்தியாலத்துக்குள் பாட வேண்டியதைப் பாடிப் பதிந்துவிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் இப்படி இரவு இரவாகப் பதிந்ததுதான் 2001இல் வந்த 'ரேடியோ திஸ்தாஸ்' அல்பம். கிட்டார்கள், கைத்தட்டல், ஆண் குரல்களுக்குப் பின்னால் பெண்களின் குரல், இவ்வளவுதான். அதிலுள்ள பாட்டு ஒன்றின் பெயர் 'பிஸ்மில்லா'. இன்னொன்றின் பெயர் 'தெஸாலித்'. இப்ராஹீமுடைய குடும்பத்தின் அந்த ஊர்தான்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். உலகத்துக்கு இது முதல் அல்பம். அந்த மக்களுக்கு இல்லை. அந்தக் குரல்களை இரைச்சல் நிறைந்த கசெட்டுகளில் அவர்கள் பல வருடங்களாகவே கேட்டுவந்தவர்கள். உலகம் பிந்தி வந்தது.

2001 ஜனவரியில் கிடால் பிரதேசத்தின் தின் எஸ்ஸாக்கோவில் 'பாலைவன விழா' என்ற இசைவிழா தொடங்கியது. பின்னாளில் அது திம்புக்துவின் பக்கம் நகர்ந்து உலகப் புகழ் பெற்றது. தினாரிவென் குழுவும் நாடு நாடாகப் போனது. அல்ஜீரியப் பாலைவனத்தில் கூடாரம் அடித்துப் பதிந்து 2011இல் வெளியான 'தஸ்ஸிலி' அல்பத்துக்கு 2012 பெப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது.

விருது கிடைத்த அதே மாதங்களில் வீடு எரிந்துகொண்டிருந்தது. 2012 ஜனவரியில் மாலியின் வடக்கில் மீண்டும் போர் தொடங்கியது. முதலில் துவாரெக் பிரிவினைக் கிளர்ச்சி. சில மாதங்களில் அதைத் தள்ளிவிட்டு அன்ஸார் தீன் முதலான ஆயுதக் குழுக்கள் நகரங்களைப் பிடித்தன. அன்ஸார் தீனின் தலைவர் இயாத் அக் காலி. 1990 கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவர். ஒரு காலத்தில் இந்தப் பாட்டுக்காரர்களுக்கு ஆதரவளித்தவர் என்று குழுவை நெருங்கி அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய ஆட்சியில் பாட்டு தடை. வானொலிகளில் இசை நின்றது. வாத்தியங்கள் எரிக்கப்பட்டன. குழுவைச் சேர்ந்த அப்துல்லாஹ் அக் லமீதா, கிட்டார்களைக் காப்பாற்றப் போன இடத்தில் பிடிபட்டுச் சில காலத்துக்குப் பின் விடுவிக்கப்பட்டார். பாலைவன விழா அந்த ஜனவரியோடு நின்றுபோனது.

இதை 'இசைக்கு எதிரான மார்க்கம்' என்று எழுதிவிட்டுப் போவது சில வெளிநாட்டு ஊடகங்களுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அதே குழுக்கள் திம்புக்துவில் இறைநேசர்களின் ஸியாரங்களையும் இடித்தன. அங்கிருந்த இலட்சக்கணக்கான பழைய இஸ்லாமியக் கையெழுத்துப் பிரதிகளை ஊர் மக்களே தகரப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் தோணியிலுமாகப் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்ற வேண்டி வந்தது. ஃபிக்ஹ், வானியல், கணிதம், மருத்துவம் என்று பல நூற்றாண்டு முஸ்லிம் அறிவு அந்தப் பெட்டிகளில் இருந்தது. காப்பாற்றியவர்களும் தொழுகிறவர்கள், நோன்பு பிடிக்கிறவர்கள்தான். ஸியாரங்களை இடித்த வழக்கில் 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒருவருக்கு 9 வருடச் சிறைத்தண்டனை விதித்தது.

பாட்டுக்காரர்களின் கசெட்டையும் ஆலிம்களின் கிதாபையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா என்று யாராவது கேட்கலாம். இல்லை. இரண்டின் தகுதியும் வேறு. ஆனால் அழிக்க வந்தவர்களின் நோக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. ஒரு சமூகம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நினைவைத் துடைத்துவிட்டு, வேறொரு கதையை எழுதுவதுதான் அது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019இல் இந்தக் குழு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பாடப் போனது. நிகழ்ச்சி விளம்பரத்தில் தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக இருந்த அவர்களின் படத்தைக் கண்டு, பயங்கரவாதிகள் வருகிறார்கள் என்று எழுதினார்கள். வன்முறை மிரட்டலும் வந்தது. சொந்த ஊரில் ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து வெளியேறியவர்களைப் பார்த்துத்தான் அப்படி எழுதினார்கள். ஆனாலும் நிகழ்ச்சி நடந்தது. அந்த ஊர் மக்களில் பலர் அவர்களுக்கு ஆதரவாக நின்றார்கள்.

2019 நமக்கும் மறக்க முடியாத வருடம். யாரோ செய்த பாவத்துக்கு யாரோ முகத்தைத் தாழ்த்திக்கொண்டு பஸ்ஸில் ஏறிய வருடம். இதற்கு மேல் நாம் விளக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. தொலைவு என்பது அவர்களை விட்டு இன்னும் போகவில்லை. அமெரிக்காவில் போய்ப் பதிய நினைத்திருந்த ஒரு அல்பம், கொரோனாவால் நடக்கவில்லை. குழுவினர் அல்ஜீரியாவின் ஜானெத் என்ற பாலைவனச் சோலையில் கூடாரத்துக்குள் பாடிப் பதிந்தார்கள். அந்தப் பதிவு இணையம் வழியாகப் போனது. டானியல் லன்வா என்ற கனடா இசைத் தயாரிப்பாளர் அமெரிக்காவில் இருந்தபடி அதில் தன் பங்கைச் சேர்த்தார். அமெரிக்காவின் நாஷ்வில்லில் இருந்த கலைஞர்கள், கூடாரத்தில் பாடியதைக் காதில் போட்டுக் கேட்டுக்கொண்டே பென்ஜோவும் ஃபிடிலும் வாசித்துச் சேர்த்தார்கள். தாள வாத்தியம் பாரிஸிலிருந்து சேர்ந்தது. ஒருவரை ஒருவர் நேரில் காணாமல் ஓர் அல்பம். 2023இல் 'அமாத்ஸூ' என்ற பெயரில் வந்தது. 'பயத்துக்கு அப்பால்' என்று அர்த்தம்.

உலகம் இதைப் புதுமை என்று எழுதியது. இந்தக் குழுவுக்கு அது புதுமையாகத் தெரிந்திருக்குமா என்று நமக்குச் சந்தேகம். பாடியவன் ஓரிடம், பதிந்தவன் ஓரிடம், கேட்டவன் வேறோரிடம் என்பதுதானே ஆரம்பத்திலிருந்து அவர்களின் கதை. அன்று லொறிச் சாரதியின் சட்டைப் பையில் போனது. இன்று இணையத்தில் போகிறது.

கதையை முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள். "சேர், அந்தப் பழைய கசெட்டுகள் இப்ப எங்க?"

நல்ல கேள்வி. எழுதி வைத்த கையெழுத்துப் பிரதி 500 வருடம் தாங்கும். கசெட் நாடா அப்படித் தாங்காது. வெயிலும் தூசியும் தின்றது போக மிஞ்சியவை வீடுகளில் எங்கேயாவது கிடக்கலாம். ஆனால் கசெட் அழிவதற்கு முன் பாட்டு ஆட்களின் மனதுக்குள் போய்விட்டது. அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று தாங்களே பாடுகிறார்கள். தமன்ராஸெத்தைச் சேர்ந்த இமர்ஹான் போன்ற அடுத்த தலைமுறைக் குழுக்கள் அப்படி வந்தவைதான்.

நம் ஊருக்கு வருவோம். 1990ஐக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சுனாமியில் குடும்பத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வயல், கடல், தறி, கடை என்று இந்த ஊரைக் கட்டியெழுப்பிய கைகள் இருக்கின்றன. தாலாட்டும் கவியும் மனப்பாடமாகத் தெரிந்த மூத்தம்மாக்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் பள்ளிவாசலில் ஜனாஸா அறிவித்தல் கேட்கும்போது, பதியப்படாத ஒரு வரலாறும் சேர்ந்து மையவாடிக்குப் போகிறது. நம் கதையை நாம் வைத்திருக்காவிட்டால், நம்மைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள். அதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பார்கள். பிறகு கோபப்பட்டுப் பயனில்லை.

தகர டின்னில் கிட்டார் செய்தவர்களும், இரவில் 5 மணித்தியால மின்சாரத்தில் அல்பம் பதிந்தவர்களும் நமக்கு ஒரு சாக்குப்போக்கையும் விட்டு வைக்கவில்லை. நம் எல்லோர் கையிலும் இருக்கும் ஃபோன், அந்த முகாமில் அவர்களிடம் இருந்த எல்லாக் கருவிகளையும் விடப் பெரியது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவருக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருங்கள். பெயர், பிறந்த ஊர், வாப்பாவின் தொழில், கண்ட கஷ்டம், கண்ட நல்லது, இந்த ஐந்தையும் கேளுங்கள். ஃபோனில் பதியுங்கள். திகதியையும் பெயரையும் சொல்லிப் பதிவைத் தொடங்குங்கள். பின்னால் ஆட்டோ சத்தம் கேட்டால் கேட்கட்டும். 50 வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்கும் பிள்ளைக்கு, அந்த ஆட்டோ சத்தமும் வரலாறுதான்.

பதிந்ததைப் பாடசாலைக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். எவருடைய அனுமதியும் இல்லாமல் எதையும் பகிர மாட்டோம்.

அடுத்த நாள் வகுப்புக்குப் போனபோது, பதிந்து வந்தவர்கள் மூன்று பேரிலிருந்து பதினொரு பேராகியிருந்தார்கள். ஒரு பதிவில் சேவல் கூவுகிறது. இன்னொன்றில் மூத்தம்மா பேச்சை நிறுத்திவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டு வா மகன், பிறகு சொல்றன்" என்கிறார். அதை வெட்ட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டோம்.

நம் மூத்தவர்களின் ஹயாத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. சென்றவர்களின் கப்றுகளை ஒளியாக்குவானாக. ஆமீன்.